உன் அரைஞாணில் தொங்கிய ஓடு

சேலம்,
27.4.2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். இதையெல்லாம் கைப்பேசியில் பேசினால் ஆகாதா, கண்புரை அறுவைக்கு நாள் குறித்துவிட்டு வந்த மனிதர் எதற்காகத் தாள் தாளாக எழுதுகிறீர்கள் என்று அவள் அரைமணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பேசினால் நான் பாதியில் தயங்கி நிறுத்திவிடுவேன், அல்லது நீ பாதியில் "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். எழுதினால் இருவரும் தப்பிக்க வழியில்லை.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீ அழைத்தாய். எங்களுக்குக் காப்பி நேரம், உனக்கு டொரண்டோவில் நடுநிசி. ஒருவர் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே போகும்போது எந்த விளம்பரம் எத்தனை விநாடி கண்ணில் நிற்க வேண்டும் என்று கணக்கிடும் வேலையைச் செய்வதாகவும், அந்த வேலை நாளைக்கே நின்றுபோனால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டு, "அப்படியென்றால் நான் எதற்குப்பா?" என்று கேட்டாய். நான் சற்றும் யோசிக்காமல், "மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதல்லவா, அதை நினைத்துக்கொள்" என்றேன். நீ சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையில் அது உனக்குச் சொன்ன பதிலே அல்ல. அதற்கு ஒரு மாதம் முன்புதான், தை பிறந்த கையோடு, நம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையை மூடிச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். காலை எட்டு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய், போவதற்கு இடமில்லை என்று நினைவு வந்து திரும்பி வந்த நாள்கள் அவை. நீ கேட்ட கேள்வியை நானே எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தபடியால், அதை அடைப்பதற்குக் கையில் அகப்பட்டதை எடுத்து வீசினேன்.

பட்டறையை ஏன் மூடினேன் என்பதை விரித்து எழுத வேண்டியதில்லை. இயந்திரம் ஒரு நாளில் பின்னித் தள்ளும் சங்கிலியை நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு வாரத்தில் செய்தோம். வெள்ளி கிலோ லட்சத்தைத் தாண்டியபின், கையில் சரக்கு வைத்துக்கொண்டு தூங்குகிற தைரியமும் போய்விட்டது. செவ்வாய்ப்பேட்டையில் என் வயதுக்காரர்கள் பலருக்கும் இதே கதைதான்.

நான் சொல்ல வந்தது இந்தச் சித்திரை மூன்றாம் நாள் இரவு நடந்தது. மலை மாமாவை உனக்கு மறந்திருக்காது. 26 ஆண்டுகள் நம் பட்டறையில் இருந்தவர், சனிக்கிழமை மாலை ஏற்காடு பஸ் பிடிப்பதற்காக நான்கு மணிக்கே கை கழுவிக்கொள்பவர். அவர் பேத்திக்குக் காதுகுத்து என்று நாகலூருக்கு அழைத்திருந்தார். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. வீட்டில் எஞ்சியிருந்த கம்பியை எடுத்து, சமையலறை மேடையில் வெங்காரமும் ஊதுகுழலும் வைத்துக்கொண்டு, உன் அம்மாவின் ஏச்சுக்கு நடுவே ஒரு சோடி சின்னக் கொலுசு செய்தேன். கண் சரியில்லாததால் இரண்டு இடத்தில் பற்றவைப்பு தடித்துவிட்டது; அரம் போட்டுச் சரிசெய்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்து, பட்டுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் பஸ்ஸின் பின் இருக்கையில் அமர்ந்து எண்ணிக்கொண்டே மேலே போனேன்.

காதுகுத்து முடிந்ததும் கொலுசை நானே அந்தக் குழந்தையின் காலில் பூட்டினேன். எட்டு மாதக் குழந்தை. திருகை முடுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் காலை உதைத்தாள். சத்தம் வந்ததும் அப்படியே நின்றாள். எங்கிருந்து வந்தது என்று கூரையைப் பார்த்தாள். மறுபடியும் உதைத்தாள், மறுபடியும் நின்றாள். நான்காவது தடவைதான் சத்தம் தன் காலில் இருக்கிறது என்று கண்டுபிடித்தாள் என்று நினைக்கிறேன். அதன்பின் அவளை நிறுத்த யாராலும் முடியவில்லை. நாற்பது ஆண்டுகளில் நான் செய்த கொலுசுகளுக்கு எண்ணிக்கை இல்லை. அவற்றில் ஒன்றைக்கூட, உன் காலில் போட்டதைத் தவிர, நான் ஒரு காலில் பார்த்ததில்லை. வியாபாரியின் தராசில் வைத்து, சேதாரம் கழித்து, கூலி வாங்கிக்கொண்டதோடு என் கண் திரும்பிவிடும். அந்தப் பொருள் எந்த ஊருக்குப் போயிற்று, யார் காலில் ஏறிற்று என்பது என் கணக்கில் சேராது.

கடைசி பஸ் போய்விட்டதால் இரவு அங்கேயே தங்கினேன். வீட்டுக்குள் உறவுக்காரப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். எனக்குத் திண்ணையில் பாய். ஒரு வாரம் முன் மழை பெய்திருந்ததால் காப்பித் தோட்டம் முழுக்கப் பூத்து, மல்லிகைக் கூடையைக் கவிழ்த்ததுபோல் வாசனை. இரண்டரை மணி இருக்கும், அரம் போடும் சத்தம் கேட்டு விழிப்பு வந்தது. தூக்கக் கலக்கத்தில் பட்டறையில்தான் படுத்திருக்கிறேன் என்று எண்ணி, இந்த நேரத்தில் எவன் வேலை செய்கிறான் என்று கோபம்கூட வந்தது. எழுந்து உட்கார்ந்து கேட்டேன். சரக், சரக், பிறகு ஒரு நிறுத்தம், மீண்டும் சரக். பழக்கமில்லாத கை போடும் அரம் இப்படித்தான் ஒலிக்கும்.

கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் காப்பிச் செடிகள் தொடங்கும் வரப்புக்குப் போனேன். அங்கே சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு கறையான் புற்று உண்டு. அதை ஏதோ ஒன்று தோண்டிக்கொண்டிருந்தது. என் வெளிச்சம் பட்ட மாத்திரத்தில் தலையை வயிற்றுக்குள் செருகி, வாலை மேலே போர்த்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பெரிய பலாப்பழம் அளவுக்கு உருண்டு கிடந்தது. உள்ளேயிருந்து புஸ் என்று ஒரு மூச்சு. அவ்வளவுதான், அதன்பின் அசைவில்லை.

அழுங்கு. எறும்புத்தின்னி என்று நீ பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பாய். மலைக்காரர்கள் அலுங்கு என்பார்கள். 64 வயதில் நான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

பயத்தை விட எனக்கு முதலில் வந்தது தொழில் புத்திதான். குந்தி உட்கார்ந்து விளக்கை அருகே பிடித்து அந்த வேலைப்பாட்டைப் பார்த்தேன். ஒவ்வோர் ஓடும் அரச இலையின் நுனியை வெட்டி வைத்ததுபோல், மேலே நெடுக மெல்லிய வரியோடும், தேய்ந்து வழவழத்த ஓரத்தோடும், கூரை ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதுபோல் படிந்திருந்தது. கொலுசில் ஒரு கண்ணி மற்றதன்மேல் சரியாக உட்காராவிட்டால் கணுக்காலின் சதையைக் கடிக்கும். அதற்காகவே நாங்கள் ஒரு கண்ணிக்கு மூன்று தடவை அரம் போடுவோம். இங்கேயோ உடம்பு முழுக்க உருண்டு வளைந்திருந்தும், இரண்டு ஓடுகளுக்கு நடுவே ஒரு குண்டூசி நுழைக்க எனக்கு இடம் தெரியவில்லை. சேதாரமே இல்லாத வேலை. கை சும்மா இருக்காமல் நீண்டு, முதுகுப் பக்கத்து ஓடு ஒன்றைத் தொட்டது.

தொட்டவுடன் என் விரலுக்கு அது தெரிந்துவிட்டது, பாப்பா. எனக்குத் தெரிவதற்கு முன் என் விரலுக்குத் தெரிந்தது.

1995-ஆம் ஆண்டு உனக்கு ஒன்றரை வயது. தொடர்ந்து காய்ச்சல், இரவில் திடுக்கிட்டு எழுந்து அழுவாய். டாக்டர் மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். உன் அப்பாயி, குழந்தை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது, அழுங்கு ஓடு கட்டினால் போய்விடும் என்று பிடிவாதமாக நின்றார். சந்தையில் ஒருவரிடம் 20 ரூபாய்க்கு ஓர் ஓடு வாங்கி வந்தார். பெருவிரல் நகத்தைவிட இரண்டு மடங்கு இருக்கும், பழுப்பு நிறம். வெள்ளியில் கட்டிக்கொடு என்றார். நான் அதை வெள்ளித் தகட்டின் மேல் வைத்து, அவசரத்தில் ஓரத்தைப் பற்றவைக்க ஊதியபோது, பட்டறை முழுவதும் நகம் தீய்ந்த வாடை அடித்தது. உருகும் வெள்ளிக்குத் தேவையான சூட்டில் அது கருகாமல் என்ன செய்யும்? வெள்ளி உருகுவது 962 டிகிரியில். பற்றவைக்கும் பொடி அதற்குக் கீழே உருகினாலும், நகத்துக்கு அந்தச் சூடு தாங்குமா? அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட பாடமெல்லாம் தொழில் பாடம் மட்டுமே: முதலில் வெள்ளிக் கிண்ணியைத் தனியாகச் செய்து ஆறவிட வேண்டும், ஓட்டை உள்ளே வைத்தபின் ஓரத்தைச் சாமணத்தால் குளிர்ச்சியாகவே மடக்க வேண்டும். அப்படியே செய்தேன். அழகாக வந்தது. அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்து உன் அப்பாயி உன் அரைஞாணில் கட்டினார். மூன்று வயதுப் புகைப்படத்தில், வேறு உடுப்பில்லாமல் நீ நிற்கிறாயே, அதில் இடுப்பில் தொங்குவது அதுதான்.

உன் காய்ச்சல் நின்றது. டாக்டரின் மருந்துக்கும் பங்கு உண்டு என்று நான் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. உன்னைப் பார்த்து அக்கம்பக்கத்தில் கேட்டார்கள், பிறகு அவர்களுக்குத் தெரிந்தவர்கள் கேட்டார்கள். அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் பதினைந்து, இருபது ஓடுகளுக்காவது நான் வெள்ளி கட்டிக் கொடுத்திருப்பேன். கூலி வாங்கினேன். ஒவ்வோர் ஓடும் யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கல், மணி, பவளம் போல அதுவும் ஒரு சரக்கு என்ற எண்ணம். நகம் தீய்ந்த வாடை மூக்கில் ஏறியும், இது ஒரு உயிரின் உடம்பில் இருந்தது என்று எனக்கு உறைக்கவில்லை என்றால் நீ நம்புவாயா? உறைக்கவில்லை. வேலை நன்றாக வந்த சந்தோஷம் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அதை நினைத்துக்கொண்டு அந்த ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விளக்கை அணைத்தேன். பௌர்ணமி கழிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது; நிலவு போதுமானதாக இருந்தது.

எழுந்து போயிருக்கலாம், போவதுதான் அதற்கும் நல்லது. ஆனால் விருந்து நடந்த வீடு. ஆட்டெலும்புக்காக நான்கைந்து நாய்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று வாடை பிடித்து வந்து, ஒரு காலைத் தூக்கியபடி பார்த்தது. அது குரைத்தால் மற்றவை வரும், மற்றவை வந்தால் வேனில் படுத்திருக்கும் இளவட்டங்கள் விழிப்பார்கள். இரவு அவர்கள் குடித்திருந்ததை நான் பார்த்திருந்தேன். அழுங்கு என்றால் லட்சக்கணக்கில் பணம் என்று கைப்பேசியில் எதையாவது பார்த்திருப்பவன் அந்தக் கூட்டத்தில் ஒருவனாவது இருக்க மாட்டானா? ஆகவே நான் எச்சில் இலைகள் கிடந்த இடத்திலிருந்து ஒரு எலும்பைப் பொறுக்கி நாயைத் தூரமாக அழைத்துப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். இரண்டாவது நாய்க்கும் அதே மரியாதை. உன் அப்பா தன் வாழ்நாளில் செய்த மிகக் கௌரவமான வேலை என்று இதைச் சொல்ல முடியாது, வேட்டி நுனி முழுக்கக் குழம்பு.

நடுவில் எனக்கு ஒன்று தோன்றியது. சிறுத்தை வந்தால் உருண்டுகொள்வதே அதற்குத் தெரிந்த ஒரே வித்தை. பல்லும் நகமும் உள்ள விலங்காலும் அந்த உருண்டையை எளிதில் பிரிக்க முடியாது. அதே வித்தையை மனிதனிடம் காட்டும்போது, ஓட வேண்டிய நேரத்தில் ஓடாமல், தன்னைத் தானே மூட்டை கட்டிச் சாக்குக்காரன் கையில் கொடுத்துவிடுகிறது. புலியிடம் காப்பாற்றுவதே மனிதனிடம் காட்டிக்கொடுக்கிறது. அது தவறு செய்யவில்லை. இவ்வளவு காலம் அதன் எதிரில் வந்த எதற்கும், தூக்கிக்கொண்டு போகக் கை இருந்ததில்லை, அவ்வளவுதான். தை மாதத்திலிருந்து நானும் வீட்டின் ஒரு மூலையில் உருண்டு கிடந்தவன் என்பதால் இது தோன்றியிருக்கலாம். நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்றும் நினைத்தேன்.

நாற்பது நிமிடத்துக்குக் குறையாது. முதலில் வாலின் விளிம்பு தளர்ந்தது, பிறகு மூக்கின் நுனி வெளியே வந்து காற்றை முகர்ந்தது. மிளகு போல ஒரு கண். என்னை நோக்கித் திரும்பியும், என்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை. மெதுவாகப் பிரிந்து எழுந்து, முன்னங்கால் நகங்களை உள்ளே மடக்கிக்கொண்டு, உள்ளங்கையில் ரூபாய் நோட்டை மறைத்து நடப்பவனைப்போல் முட்டியை ஊன்றி ஊன்றி நடந்தது. வால் தரையில் படவில்லை. இரண்டு காப்பிச் செடிகளுக்கு நடுவே போனது. பூக்கள் சில அதன் முதுகில் உதிர்ந்து ஒட்டிக்கொண்டதை நிலவில் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே பள்ளத்தில் மீண்டும் அந்த அரம் போடும் சத்தம் தொடங்கியது.

காலையில் மலை மாமாவிடம் சொன்னேன். அவர் புற்றைப் பார்த்து, நகக் கீறலைப் பார்த்து, "இன்னும் இருக்குதுங்களா அண்ணா?" என்றார். அதிலிருந்த வியப்பு எனக்கு நன்றாகப் புரிந்தது. பிறகு, நான் கேட்காமலே, "எங்கப்பா காலத்துல கீழே இருந்து ஆளுங்க சாக்கோட வருவாங்க. கேட்டாங்க, கொடுத்தோம். எங்க வீட்டு அடுப்புலயும் வெந்திருக்குது" என்றார். கீழே என்றால் சேலம். நான் என் கதையைச் சொன்னேன். பட்டறையில் அந்த ஓடுகளுக்கு மெருகு போட்டதே அவர்தான், அது எனக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. இருவரும் சிறிது நேரம் பேசாமல் காப்பி குடித்தோம்.

ஊருக்குத் திரும்பியதும் நூலகத்துக்குப் போய், கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? உலகத்தில் அழுங்கு 8 வகை, ஆசியாவில் 4, ஆப்பிரிக்காவில் 4. வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. விழுங்கும் பொடிக்கல்லே வயிற்றுக்குள் எறும்பை அரைக்கிறது. பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரே குட்டி. அந்தக் குட்டியை வாலடியின் மேல் ஏற்றிக்கொண்டு திரியும், ஆபத்து என்றால் அதை உள்ளே வைத்துச் சுருண்டுகொள்ளும். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். குழந்தை பயப்படாமல் இருக்கட்டும் என்று நான் உன் இடுப்பில் கட்டியது அதைத்தானே.

மீண்டும் வந்து படித்தேன். ஓட்டில் இருப்பது கெரட்டின் என்ற பொருள், நம் நகத்திலும் முடியிலும் இருப்பது அதுவே. அதை மருந்தென்று நம்பித்தான் உலகமெங்கும் கொன்று கடத்துகிறார்கள். 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய மாநாட்டில், எட்டு வகையையும் நாடு விட்டு நாடு வணிகம் செய்வதற்குத் தடை போட்டார்கள். சீனாவிலேயே 2020-இல் அரசு மருந்து நூலின் பட்டியலிலிருந்து அந்த ஓட்டை எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள இடத்திலேயே இதுவும் இருக்கிறது. பழைய தமிழ் அகராதியில் அழுங்குதல் என்றால் வருந்துதல் என்று போட்டிருந்தது. விலங்குக்கும் வினைக்கும் ஒரே எழுத்துகள். தற்செயலாகவே இருக்கட்டும், எனக்கு அது சரியாகப் பொருந்தியது.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

நீ கேட்டதில், நின்றுபோனால் யாருக்குத் தெரியும் என்ற பகுதியை முதலில் ஒதுக்கி வை. அது பயனைப் பற்றிய கேள்வி. பயனைக் கொண்டு அளந்தால் அந்த அழுங்கு நம் இருவரையும்விடப் பெரியது. கறையானைத் தின்கிறது, மண்ணைக் கிளறிப் புரட்டிப் போடுகிறது, அதனால் வேருக்குக் காற்றும் நீரும் போகிறது. அதெல்லாம் தன்னால் நடக்கிறது என்று அதற்குத் தெரியாது, பசித்தது, தோண்டியது. நானும் நாற்பது ஆண்டுகள் அப்படித்தான் தோண்டினேன். பசியும் இருந்தது, பயனும் இருந்தது, உன்னைப் படிக்க வைத்தேன், ஆறு குடும்பங்களுக்குக் கூலி கொடுத்தேன். அது குறைவானதல்ல, அதை நான் மட்டம் தட்டப் போவதும் இல்லை. ஆனால் நீ கேட்டது நோக்கத்தை. நோக்கம் என்ற சொல்லுக்குள்ளேயே நோக்குவது இருக்கிறது. இத்தனை வயதுக்குப் பின், இந்த மாதம்தான் அது என் காதில் விழுந்தது. கையில் வந்த பொருள் எங்கிருந்து வந்தது, கையை விட்டுப் போன பொருள் எங்கே போய் நிற்கிறது என்று இரண்டு பக்கமும் பார்க்க முடிந்த ஒரே பிராணி நாம். நான் பார்க்கவில்லை. நடுக் கண்ணியை மட்டும் அரம் போட்டுப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தேன். அதனால் என் கொலுசைக் கேட்டுக் காலை உதைத்த குழந்தையின் மகிழ்ச்சியும் எனக்குக் கிடைக்காமல் போயிற்று, உருண்டு கிடந்த அந்த உயிரின் ஓட்டைப் பிடுங்கிய பாவமும் தெரியாமல் போயிற்று. இரண்டும் ஒரே இரவில் வந்து சேர்ந்தபோதுதான், இத்தனை நாள் எவ்வளவு குறைவாக வாழ்ந்திருக்கிறேன் என்று பட்டது.

நீ கணக்கிடும் அந்த விநாடிகள் யாருடைய கைப்பேசியில் போய் நிற்கின்றன என்று ஒருநாளாவது அதன் பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறாயா? குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை, எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. ஒரு கிராமத்துக் கிழவிக்கு அவளுக்கு வேண்டிய ஏதோ ஒரு தகவலாகவும் அது போய்ச் சேரலாம், விடிய விடியத் தூங்காமல் சூதாட்ட விளம்பரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு பையனிடமும் போய் நிற்கலாம். எனக்கு அந்தத் தொழில் புரியாது, உனக்குப் புரியும். போய்ப் பார்த்தபின் அந்த வேலையிலேயே இருப்பதா, உள்ளேயிருந்து அதில் எதையாவது மாற்றப் பார்ப்பதா, விடுவதா என்பது உன் முடிவு. மூன்றில் எதை எடுத்தாலும் நான் "சம்பளம் வருகிறதல்லவா" என்று இனிச் சொல்ல மாட்டேன். வீட்டுக் கடனைப் பற்றி உன் அம்மா சொல்லக்கூடும். அவளுக்கு நான் பொறுப்பல்ல.

நானும் சும்மா இல்லை. மலை மாமாவும் நானும், முன்பு யார் யாருக்கு ஓடு கட்டிக் கொடுத்தோம் என்று நினைவிலிருந்து ஒரு பட்டியல் எழுதினோம். பதினொரு வீடுகள் தேறின. இந்த வாரம் நான்கு வீடுகளுக்குப் போய்விட்டு வந்தேன். ஒரு வீட்டில் அதைத் தொலைத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் பேரனுக்குக் கட்டியிருக்கிறார்கள், கழற்ற மாட்டோம் என்றார்கள். பதிலுக்கு வெறும் வெள்ளியில் ஒரு தாயத்து செய்து தருகிறேன் என்றேன், யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். மற்ற இரண்டு வீடுகளில் நான் சொன்னதைக் கேட்டார்கள், காப்பி கொடுத்தார்கள், ஓட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான் இதுவரை.

உன்னுடையது டிரங்குப் பெட்டியில், உன் அப்பாயியின் சுங்குடிப் புடவைக்கு அடியில் இருந்தது. நேற்று எடுத்து மேசைமேல் வைத்தேன். வெள்ளி கறுத்திருந்தது, ஓடு கறுக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்தும் அந்த வரிகள் அப்படியே. சாமணத்தால் ஓரத்தை நிமிர்த்தி ஓட்டை வெளியே எடுத்தேன். ஓர் ஓரத்தில் இன்னமும் கருகல் தடம் இருக்கிறது, நான் முதலில் ஊதிய இடம். வெள்ளியை எடை போட்டேன், மூன்று கிராமுக்குச் சற்று மேல்.

நாளை திங்கட்கிழமை வனத்துறை அலுவலகத்துக்குப் போய் அதை ஒப்படைக்கப் போகிறேன். மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை என்று சட்டத்தில் எழுதியிருப்பதை நான் வாய் தவறி உன் அம்மாவிடம் வாசித்துவிட்டதால், அவள் நேற்றிரவு முழுவதும் தூங்கவில்லை. தானாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் கிழவனை என்ன செய்துவிடுவார்கள் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான். நீ செவ்வாய்க்கிழமை அழைத்தால் போதும், அதற்கு முன் அழைத்து அவளை மேலும் பயமுறுத்தாதே.

ஒரு சின்ன விஷயம் மட்டும் இன்னும் முடியவில்லை. வெள்ளிக் கிண்ணியின் காதில் அந்தக் கறுப்புக் கயிற்றின் துண்டு ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது, உன் அப்பாயி போட்ட முடிச்சோடு. அவிழ்க்க என் நகம் போதவில்லை. கத்தரிக்கோலை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். உன் அம்மா கண் நன்றாகத் தெரிகிறவள், மாலையில் விளக்கடியில் வைத்து அவிழ்த்துத் தருகிறேன் என்று ஊசியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா